நாங்களும் நாமும்



நம் தமிழில் ஒரு சிறு விசேஷம் உண்டு. நித்தமும் அதை உபயோகிக்கிறோம்; ஆனால் எண்ணிப் பார்ப்பதில்லை. பேசுகிறவன் தன்னோடு மற்றவர்களையும் சேர்த்துச் சொல்ல நமக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. 'நாங்கள்' என்றால் கேட்கிறவர் அதில் சேரவில்லை. 'நாம்' என்றால் கேட்கிறவரும் சேர்ந்துவிடுகிறார். வாசலில் நிற்கும் ஒருவரிடம் 'நாங்கள் சாப்பிடப் போகிறோம்' என்று சொன்னால், அவர் விடைபெற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். 'வாருங்கள், நாம் சாப்பிடுவோம்' என்று சொன்னால் அவருக்கும் இலை போடப்படுகிறது என்று அர்த்தம். போர்த்துக்கீசு, இத்தாலியம் முதலிய ஐரோப்பிய பாஷைகளில் இந்த இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

ஆகையால் அந்த நாடுகளிலிருந்து கப்பலேறி நம் கரைக்கு வந்த இளம் வேதபோதகர்கள், தமிழின் ஆரம்பப் பாடத்திலேயே, தங்கள் சொந்த ஊரில் ஒருநாளும் யோசித்திராத ஒரு கேள்வியைச் சந்திக்க நேர்ந்தது. எதிரே உட்கார்ந்திருக்கும் இந்த மனிதரிடம் நான் எந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும்? 'நாங்கள்' என்றா, 'நாம்' என்றா?

இது வெறும் இலக்கணக் கேள்வி அல்ல. அந்நியராக வந்த ஒருவர் 'நாம்' என்று சொல்லும் உரிமையை எப்படிப் பெறுகிறார்? உடையை மாற்றினால் போதுமா? பாஷையைப் படித்தால் போதுமா? அல்லது அந்த உரிமை, யாரும் தாமாக எடுத்துக்கொள்ள முடியாத ஒன்றா? வேற்று நாட்டில் வாழப்போகும் நம் பிள்ளைகளுக்கும், வேற்றூரிலிருந்து நம்மிடம் வருகிறவர்களை வரவேற்க வேண்டிய நமக்கும் இது அவசியமான கேள்வி. நம் தமிழ் மண்ணையே அந்நிய நாடாகக் கொண்டு வந்தவர்களின் வாழ்க்கையிலிருந்து இதற்கு விடை தேடுவோம்.

கொடுக்க வந்தவர் குழந்தையாகிறார்

வேதபோதகர்கள் என்றதும் நீண்ட நரைத்த தாடியுடன் பீடத்தின்மேல் நிற்கும் சுரூபங்கள் நம் மனக்கண்ணில் தோன்றுகின்றன. ஆனால் அவர்கள் வந்தபோது அவர்களில் பலர் இளைஞர்கள். ஹென்றீக் ஹென்றீக்கஸ் சுவாமி 1547-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்கு வயது ஏறக்குறைய 27. தத்துவ போதகர் என்று நாம் அழைக்கும் இராபர்ட் தெ நொபிலி சுவாமி 1606-இல் மதுரையில் கால் வைத்தபோது வயது 29. அர்ச். அருளானந்தர் 1673-இல் இந்தியாவுக்கு வந்தபோது 26. நம் வீடுகளில் அந்த வயதுப் பிள்ளைக்கு இன்னும் தாயார்தான் சோறு பரிமாறுகிறாள்.

அந்த வயதில், படித்துப் பட்டம் பெற்று, பிறருக்குப் போதிக்கவேண்டும் என்ற ஆவலோடு ஒருவர் வருகிறார். வந்த முதல் நாளே அவர் வாயடைத்துப் போகிறார். இலத்தீனில் தர்க்கம் செய்யத் தெரிந்தவருக்குத் தாகத்துக்குத் தண்ணீர் கேட்கத் தெரியவில்லை. தரையில் சம்மணமிட்டு உட்காரத் தெரியவில்லை, முழங்கால் நோகிறது. சோற்றைக் கையால் பிசைந்து எடுக்கத் தெரியவில்லை. விரலிடுக்கில் குழம்பு வழிகிறது. எந்தக் கையால் வாங்குவது, எங்கே செருப்பைக் கழற்றுவது, யாரை 'நீ' என்பது, யாரை 'நீர்' என்பது, ஒன்றும் தெரியவில்லை. 'ழ' என்ற எழுத்துக்கு நாக்கு வளைய மறுக்கிறது. ஐந்து வயதுப் பையன் அறிந்ததை அவர் அறியவில்லை. அந்தப் பையன் சிரிக்கிறான்.

சற்று யோசித்துப் பாருங்கள். அந்நிய நாட்டில் முதலில் வரும் சோதனை வெயிலும் காய்ச்சலும் மட்டுமல்ல. மனிதன் தன் வாழ்நாளில் ஒருமுறை குழந்தையாக இருந்துவிட்டான். அது போதும் என்று நினைக்கிறான். வளர்ந்த பிறகு மறுபடியும் குழந்தையாக வேண்டும் என்றால் நம் உள்ளம் எவ்வளவு எதிர்க்கிறது! கொடுக்கச் சொன்னால் கொடுத்துவிடலாம். கொடுக்கிறவன் கை எப்போதும் மேலே இருக்கும். பெற்றுக்கொள்ளச் சொன்னால்தான் கஷ்டம். பெற்றுக்கொள்கிறவன் கை கீழே இருக்க வேண்டும்.

அர்ச். பிராஞ்சீஸ்கு சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். இரண்டு பாஷையும் தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு ஜெபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பிழை இருந்தது. விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்ற பொருள் வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் வந்துவிட்டது. சர்வேசுரனை விசுவசிக்கிறேன் என்பதற்குப் பதிலாக, அவர் எனக்கு வேணும் என்று ஜனங்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்! பிழையை அறிந்தபோது சவேரியார் அதை மூடி மறைக்கவில்லை. 1544-இல் தம் தோழருக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு சொற்களின் பொருளையும் விளக்கி, இனி இப்படித் திருத்திச் சொல்லும் என்று எழுதினார். தமிழ் அறிந்த யாரோ ஒருவர் எடுத்துச் சொல்லாமல் இந்த வித்தியாசம் ஓர் அந்நியருக்குப் புலப்பட்டிராது. ஆயிரக்கணக்கானோருக்கு ஞானஸ்நானம் கொடுத்த கைகளை உடையவர், ஒரு சொல்லைத் திருத்திக்கொள்ளத் தயங்கவில்லை. அது அவருடைய பெருமையைக் குறைத்ததா, கூட்டியதா என்று நீங்களே சொல்லுங்கள்.

சவேரியாருக்கு நம் பாஷை முழுவதுமாக வசப்படவில்லை. அவருக்குப் பின் வந்த ஹென்றீக்கஸ் சுவாமிக்கு அது வசப்பட்டது. அவர் மொழிபெயர்ப்பாளரை நம்பியிருக்கப் பிரியப்படவில்லை. இரவும் பகலும் பாஷையிலேயே மூழ்கினார். 'வந்தான்', 'வருகிறான்', 'வருவான்' என்று வினைச்சொற்கள் எப்படித் திரிகின்றன என்பதை அட்டவணைபோல் எழுதிவைத்து, ஐரோப்பியர் தமிழ் கற்பதற்கென்று ஓர் இலக்கணமே எழுதினார். கடற்கரையில் இருந்த குருமார் தங்களுக்குள்ளும் தமிழிலேயே பேசிப் பழகினார்கள். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவருடைய உழைப்பின் கனி. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சாகி இன்றுவரை தப்பிப் பிழைத்திருக்கும் நூல்களில் அதுவே மிகப் பழையது. 1600-இல் இறக்கும்வரை ஐம்பது வருஷங்களுக்கு மேலாக அவர் இந்த ஜனங்களோடே வாழ்ந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மூச்சு விடுகிறவன் மூச்சை எண்ணுவதில்லை. தமிழ் பேசுகிற மீனவர் தம் வினைச்சொற்களை எண்ணிப் பார்ப்பதில்லை. கடைசி மாணவனாக வந்து உட்கார்ந்த அந்நியர்தான் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். அவர் வெறும் கையோடு கேட்டு வாங்கினார். வாங்கியதை ஒழுங்குபடுத்தி அச்சுப் புத்தகமாகத் திருப்பிக் கொடுத்தார். தாழ்மையோடு பெற்றுக்கொள்கிறவனால்தான் பிறகு மேலானதைக் கொடுக்க முடிகிறது.

வேஷமா, அன்பா?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். 'பிறருடைய உடையை உடுத்தி, பிறருடைய உணவை உண்டு, பிறருடைய பாஷையில் பேசுவது எல்லாம் ஒரு தந்திரம் அல்லவா? மீனைப் பிடிக்கத் தூண்டிலில் இரை வைப்பது போன்றதுதானே?' என்று கேட்பார் உண்டு. இந்தக் கேள்வியை இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. அன்பு என்ற பெயரால் செய்யப்படும் தந்திரத்தை உலகம் நிறையக் கண்டிருக்கிறது. தேர்தல் காலத்தில் குடிசைக்குள் வந்து கூழ் குடிக்கிறவர்களை நாமும் பார்த்திருக்கிறோம்.

தத்துவ போதகரைப் பற்றி அவர் காலத்திலேயே இந்தக் கேள்வி எழுந்தது. அவர் மதுரைக்கு வந்தபோது அங்கே ஏற்கெனவே ஒரு போர்த்துக்கீசிய குருவானவர் பல வருஷங்களாக இருந்தார். பக்தியுள்ளவர், ஆனால் உடையிலும் உணவிலும் போர்த்துக்கீசியராகவே வாழ்ந்தார். மதுரை ஜனங்கள் அவரைப் 'பறங்கி' என்று ஒதுக்கிவைத்தார்கள். கிறிஸ்தவனாவது என்றால் பறங்கியாவது என்று நினைத்தார்கள். தத்துவ போதகர் வேறு வழியை மேற்கொண்டார். காவி உடுத்தினார், பாதக்குறடு அணிந்தார், மண் சுவரும் கூரையுமான வீட்டில் குடியேறினார், மாமிசம், மீன், முட்டை, மது எல்லாவற்றையும் விட்டு, நாளுக்கு ஒருவேளை சோறும் காய்கறியும் பாலும் உண்டார். தமிழைக் கற்றார். சிவதர்மர் என்ற பண்டிதரிடம் சமஸ்கிருதம் கற்றார். இத்தாலியப் பிரபு குலத்தில் பிறந்தவர் இப்படி வாழ்ந்ததைக் கண்டு அவருடைய சொந்தச் சபையார் சிலரே திகைத்தார்கள். வழக்கு கோவாவுக்கும் உரோமாபுரிக்கும் போயிற்று. வருஷக்கணக்கில் வாதம் நடந்தது. கடைசியில் 1623-இல் பதினைந்தாம் கிரகோரியார் பாப்பரசர் அவருடைய முறைக்கு அனுமதி கொடுத்தார்.

அனுமதி கிடைத்தது சரி. ஆனால் வேஷத்துக்கும் அன்புக்கும் உள்ள வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நமக்கு எளிதான ஓர் அளவுகோல் உண்டு. கூத்தாடுகிறவன், பார்ப்பவர் கலைந்து போனதும் வேஷத்தைக் கலைத்துவிடுவான். பார்ப்பவர் இல்லாத இடத்தில் ஒருவர் எப்படி இருக்கிறார் என்று பார்த்தால் போதும்.

அர்ச். அருளானந்தர் லிஸ்பன் நகரத்தில் உயர்ந்த குடும்பத்தில் பிறந்து, அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர். நம் நாட்டில் பண்டாரசுவாமியாகக் காவி உடுத்தி, ஊர் ஊராக நடந்து, சிறையும் அடியும் பட்டார். 1687-இல் அவரைச் சபையின் காரியமாகப் போர்த்துக்கல்லுக்கு அனுப்பினார்கள். இளமைத் தோழர் இப்போது அரசர். பஞ்சணையும் விருந்தும் காத்திருந்தன. பார்க்கவோ பாராட்டவோ அங்கே ஒரு தமிழன்கூட இல்லை. அப்படியிருந்தும் அவர் அங்கேயும் காய்கறியே உண்டு, தரையிலே படுத்து, மறவ நாட்டில் எப்படி வாழ்ந்தாரோ அப்படியே வாழ்ந்தார். அரசர் தங்கிவிடும்படி கேட்டும் தங்கவில்லை. 1690-இல் இந்தியாவுக்குத் திரும்பினார். 1693 பெப்ருவரி 4-ஆம் தேதி ஓரியூரில் தலை வெட்டுண்டு உயிர் கொடுத்தார்.

வேஷம் உடம்பின்மேல் கிடக்கிறது, கழற்றலாம். அன்பினால் ஏற்றுக்கொண்ட வழக்கமோ எலும்பிலே ஊறிவிடுகிறது. தாய்வீட்டுக்குத் திரும்பிப் போனபோதும் அவர் நம் வீட்டுப் பிள்ளையாகவே இருந்தார். அவர் 'நாம்' என்று சொன்னால் அது பொய்யல்ல.

ஆனால் ஒன்றைத் தவறாக எண்ணக் கூடாது. அந்நிய நாட்டில் வாழ்கிறவன் தன் நாட்டையும் தாய்மொழியையும் வெறுக்க வேண்டும் என்பது இதன் அர்த்தம் அல்ல. தன் தாயை நேசியாதவன் பிறர் தாயை எப்படி மதிப்பான்? ஹென்றீக்கஸ் சுவாமிக்குத் தம் பாஷையின் ஒழுங்கு நன்றாகத் தெரிந்திருந்ததால்தான் நம் பாஷையின் ஒழுங்கையும் தேடினார். விட்டுவிட வேண்டியது தாய்நாட்டை அல்ல. 'என் ஊர் வழக்கமே மனித வழக்கம்' என்ற அகங்காரத்தை.

'நாம்' என்பதற்குள் யார் யார்?

இனி வருவது நமக்கே கசப்பான பகுதி. மறைத்துவிட்டால் உண்மைக்குத் துரோகம் செய்தவர்களாவோம்.

தத்துவ போதகர் உயர்ந்த ஜாதியார் என்று சொல்லிக்கொண்டவர்களோடு நெருங்க அவர்களுடைய ஆசாரங்களை ஏற்றார். அந்த ஆசாரங்களில் ஒன்று, தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களைத் தொடாமலும் அவர்களோடு உண்ணாமலும் இருப்பது. ஆகையால் ஒரு கூட்டத்தாரிடம் அவர் 'நாம்' என்று சொல்லத் தொடங்கியபோதே, இன்னொரு கூட்டத்தாருக்கு முன் அது 'நாங்கள்' ஆகிவிட்டது. ஏற்கெனவே மதுரையில் இருந்த குருவானவரோடும், அவரிடம் வந்துகொண்டிருந்த எளிய கிறிஸ்தவர்களோடும் அவர் வெளிப்படையாகக் கலந்து வாழ முடியவில்லை. ஒரு வாசல் திறக்க இன்னொரு வாசலை ஒருக்களித்து மூடவேண்டியிருந்தது.

அவர் இருதயத்தில் அன்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. அவருடைய தவமும் கல்வியும் பொறுமையும் யாரும் மறுக்க முடியாதவை. அக்காலத்தின் கட்டு எவ்வளவு பலமானது என்பதையும் மறந்துவிடக் கூடாது. அவருடைய சபையாரே இந்தக் குறையை உணர்ந்தார்கள். 1640-இல் பல்தசார் தா கோஸ்தா சுவாமி பண்டாரசுவாமியாக வாழத் தொடங்கினார். பண்டாரங்கள் எல்லா ஜாதியாரோடும் பழகலாம் என்று ஊர் வழக்கமே இடம் கொடுத்தது. அந்த வாசல் வழியாகத்தான் பிறகு அருளானந்தரும் நடந்தார். ஒதுக்கப்பட்ட ஜனங்கள் அநேகர் ஞானஸ்நானம் பெற்றதும் அந்த வாசல் வழியாகத்தான்.

ஆனாலும் நாம் கற்க வேண்டிய பாடம் நிற்கிறது. ஒரு நாட்டின் வழக்கங்களை ஏற்பது நல்லது. ஆனால் எல்லா வழக்கமும் ஒரே தன்மையானது அல்ல. இலையில் உண்பது ஒரு வழக்கம். இன்னொருவனை இலையிலிருந்து எழுப்பிவிடுவதும் ஒரு வழக்கம். முன்னதை மேற்கொள்கிறவன் விருந்தாளி ஆகிறான். பின்னதை மேற்கொள்கிறவன் பாவத்துக்குப் பங்காளி ஆகிறான். அந்நியன் நம் நாட்டுக்கு வந்து நம்மிடம் கற்றுக்கொண்டபோது, நம்முடைய நன்மைகளோடு நம்முடைய தீமையையும் கற்றுக்கொண்டான் என்றால், வெட்கம் யாருக்கு? அவனுக்கா, அவனுக்குக் கற்றுக்கொடுத்த நமக்கா?

ஒரே பீடத்தில் ஒரே அப்பத்தை உண்கிறவர்கள் நாம். ஆயினும் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிக்காகச் சுவர் எழுப்பிய இடங்கள் நம் தமிழ்நாட்டில் உண்டு. மண்ணுக்குள் போன பிறகும் 'நாங்கள்' என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டவர்கள் கட்டிய சுவர் அது. தூர தேசத்திலிருந்து வந்தவர் ஆறு மாதம் பாடுபட்டு 'நாம்' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டார். பிறவியிலேயே அந்தச் சொல்லோடு பிறந்த நாம் அதை எத்தனை பேரிடம் சொல்கிறோம்?

சொல்லுக்கு விலை கொடுத்தவர்

'நாம்' என்ற சொல்லுக்கு எவ்வளவு விலை என்பதை அறிய, நம் நாட்டை விட்டுச் சற்றுத் தூரம் போக வேண்டும். பசிபிக் மகா சமுத்திரத்தில் ஹவாய்த் தீவுகள் இருக்கின்றன. அந்தத் தீவுகளின் பாஷையிலும், நம் தமிழில் இருப்பதுபோலவே, கேட்கிறவரைச் சேர்த்துச் சொல்ல ஒரு சொல்லும், சேர்க்காமல் சொல்ல வேறொரு சொல்லும் உண்டு. பெல்ஜியம் நாட்டு விவசாயி மகனான அர்ச். தமியான் 1864-இல், 24 வயதில், அங்கே வந்து அந்தப் பாஷையைக் கற்றார்.

1873-இல் மொலோக்காய் தீவில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த தொழுநோயாளரிடம் போனார். அங்கே போனது முதலே, பிரசங்கத்தில் அவர்களை 'என் சகோதரர்களே' என்று எட்ட நின்று அழைப்பதை விட்டு, 'தொழுநோயாளராகிய நாம்' என்று சொல்லத் தொடங்கினார். அப்போது அவருக்கு நோய் இல்லை. அவர்களுடைய புண்களைக் கட்டினார்; அவர்களோடு உண்டார்; அவர்களுக்குச் சவப்பெட்டி செய்தார்; குழி தோண்டினார். பதினோரு வருஷங்களுக்குப் பின்தான் நோய் அவரைப் பற்றியது தெரியவந்தது. 1889-இல் அந்த நோயாலேயே இறந்தார்.

நோய் வந்த பிறகு 'நாம்' என்றிருந்தால் அது வேறு வழியில்லாத சொல். நோய் வருமுன் சொன்னதால்தான் அது அன்பின் சொல். எனினும், முதல் நாள் சொன்ன சொல் அன்றே முழுமையாகிவிடவில்லை. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு புண்ணிலும், ஒவ்வொரு குழியிலும் அதற்குத் தவணை கட்டிக்கொண்டே வந்தார். அவர் சொன்னதை அந்த ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். தங்களில் ஒருவர் என்று எண்ணித் தங்கள் நடுவிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

ஆகவே நாம் தேடிய விடை இதுதான். 'நாம்' என்று சொல்வது வந்தவரின் துணிவு. அதை மெய்யாக்குவது அவர் நாள்தோறும் கொடுக்கும் விலை. ஆனால் அந்தச் சொல்லை உறுதிப்படுத்துவது அவர் கையில் இல்லை. அவரை ஏற்றுக்கொள்கிறவர்கள் திரும்ப 'நாம்' என்று சொல்லும்போதுதான் அது உறுதிப்படுகிறது. வந்தவர் பாதி, இருந்தவர் பாதி. ஒருவர் மட்டும் சொன்னால் அது வேண்டுகோள். இருவரும் சொன்னால்தான் உறவு.

நம் ஆண்டவர் காட்டிய வழியும் இதுவேயன்றோ? சர்வேசுரன் மனிதர் நடுவே வந்தபோது நேரே மலைமேல் ஏறிப் போதிக்கத் தொடங்கவில்லை. நசரேத்தூரில் முப்பது வருஷம் இருந்தார். சொற்களை உண்டாக்கியவர் தாயின் வாயிலிருந்து சொல் கற்றார். உலகத்தைச் செய்தவர் தச்சன் பட்டறையில் வேலை பழகினார். மூன்று வருஷம் பேசுவதற்கு முப்பது வருஷம் கேட்டார். வேதபோதகர்கள் நம்மிடம் வந்து குழந்தையானதன் இரகசியம் பெத்லகேமிலேயே தொடங்கிவிட்டது.

நம் வீட்டு வாசலில்

பங்குக் குடும்பத்தாரே, இது அந்தக் காலத்துக் கதை என்று மடித்து வைத்துவிடாதீர்கள். முன்பு தூர தேசத்தார் நம் நாட்டுக்கு வந்தார்கள். இன்று நம் நாட்டுக் குருக்களும் கன்னியர்களும் ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய் ஊழியம் செய்கிறார்கள். நம் பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்கும் மற்ற நாடுகளுக்கும் பிழைக்கப் போகிறார்கள். கடிதத்திலோ டெலிபோனிலோ அவர்கள் 'இங்கே சாப்பாடு சரியில்லை, இந்த ஜனங்களை எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்லும்போது, உடனே கூடச் சேர்ந்து அந்த ஊரைப் பழிக்காதீர்கள். அவர்கள் மனம் நொந்திருப்பது உண்மை, ஆறுதல் சொல்லுங்கள். அதோடு, 'அந்த ஊர்ச் சொல் இன்று எத்தனை கற்றாய்? யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?' என்றும் கேளுங்கள். கற்றுக்கொடுக்க ஒருவர் கிடைத்துவிட்டால் பிள்ளை அங்கே தனியாக இல்லை.

நம் ஊருக்குள்ளும் அந்நியர் வந்திருக்கிறார்கள். ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்த இளைஞர்களை நாம் தினமும் பார்க்கிறோம். அவர்களில் கத்தோலிக்கரும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்து, ஒரு சொல்லும் விளங்காமல், கோவிலின் கடைசியில் நின்றுவிட்டுப் போகிறார்கள். நாம் அவர்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'வடக்கத்தியான்' என்று ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். அன்று மதுரையார் 'பறங்கி' என்றார்களே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நம் கடற்கரையில் பேர் தெரியாத எத்தனையோ தாய்மார் அந்நியருக்குச் சோறிட்டுச் சொல்லும் கொடுத்ததால்தான், அவர்கள் இங்கே வேரூன்றி நின்றார்கள். அந்தத் தாய்மாரின் பேரப்பிள்ளைகள் நாம்.

இன்னும் கிட்டத்தில் பாருங்கள். நம் வீட்டுக்கு வந்த மருமகளும் ஒருவகையில் வேற்று நாட்டுக்கு வந்தவள்தான். குழம்புக்குப் புளி எவ்வளவு, மாமனாருக்குக் காப்பி எப்போது, எந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் புதிதாகக் கற்கிறாள். வந்த புதிதில் 'உங்கள் வீட்டில்' என்று சொல்லிக்கொண்டிருந்தவள், ஒருநாள் தன்னையறியாமல் 'நம் வீட்டில்' என்பாள். அந்த நாள் சீக்கிரம் வருவதும் வராமலே போவதும் பெரும்பாலும் மாமியார் கையில் இருக்கிறது. அவள் செய்த பிழையைப் பார்த்துச் சிரித்தவர்கள் அவளைக் கூடத் திருத்தினார்களா, அல்லது சிரித்ததோடு விட்டுவிட்டார்களா? அவள் தாய்வீட்டுச் சமையல் ஒன்றாவது நம் அடுப்பில் ஏறியிருக்கிறதா?

ஆகையால் இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் மூன்று காரியங்கள் செய்வோம்.

முதலாவது: நம் தெருவிலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள வெளியூரார் ஒருவருடைய பெயரைக் கேட்டு, அதைப் பிழையில்லாமல் சொல்லப் பழகுவோம். அவருடைய பாஷையில் ஒரு சொல்லாவது கற்போம். அவர் நம் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தால் நாமும் சேர்ந்து சிரிப்போம். குழந்தையாவது எப்படியிருக்கும் என்று நமக்கும் தெரியட்டும்.

இரண்டாவது: ஞாயிறு பூசை முடிந்ததும், பின்வரிசையில் தனியே நிற்கும் ஒருவரிடம் போய் நாமே முதலில் பேசுவோம். பாஷை தெரியாவிட்டாலும் பாதகமில்லை. அன்று மதியம் அவருக்கு நம் வீட்டில் சாப்பாடு போட்டால் இன்னும் நல்லது.

மூன்றாவது: இராத்திரி குடும்ப ஜெபமாலைக்கு முன் சற்று நேரம் மௌனமாயிருந்து, 'நாம்' என்று நான் சொல்லும்போது யார் யாரை வெளியே நிறுத்துகிறேன் என்று அவரவர் மனச்சாட்சியைக் கேட்போம். ஜாதியின் பேரால் நிறுத்தியவர்கள் உண்டு. பணத்தின் பேரால் நிறுத்தியவர்கள் உண்டு. பழைய சண்டையின் பேரால் நிறுத்திய உடன்பிறந்தாரும் உண்டு. அவர்களில் ஒருவருடைய பெயரையாவது அன்றைய ஜெபத்தில் சத்தமாகச் சொல்லி வேண்டிக்கொள்வோம். மறுநாள் அவரை வழியில் சந்தித்தால் முகம் திருப்பாமல் பேசுவோம்.

நமக்காக வீடு வாசலை விட்டு வந்து, நம் சோற்றை உண்டு, நம் மண்ணில் அடங்கியிருக்கிற அந்தப் புண்ணியவான்களுக்கு நாம் காட்டக்கூடிய நன்றி இதைவிட வேறு இல்லை.